முத்துக் கணக்கு

எச்சில்தான் நல்ல மருந்து.
பஞ்சை நாக்கில் தொட்டு, கன்னத்தில் உருட்டி உருட்டி
இருநூற்றைம்பது வருஷத்துப் புகையை எடுக்கிறேன்,
சோறு தின்ற பிள்ளைக்கு வாய் துடைக்கிற மாதிரி.
ஆனால் இவருக்கு மீசை இருக்கிறது.
இவர் எனக்கு யாருமில்லை.

சிம்மக்கல், இரண்டாம் மாடி. கீழே டயர்க் கடை.
ஜன்னலை மூடினாலும் ரப்பர் வாசம் ஏறி வரும்.
மேசைமேல் மல்லாந்து கிடக்கிறார் அளகிரி ராசு,
தன்னைத் தானே எழுதிய எண்ணெய்ப் படத்தில்,
இடக்கையில் தூரிகையோடு.
"எங்க ஏழாவது பாட்டனார் இடக்கையர்" என்றார்
படத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த விசயரங்கன்.
அது கண்ணாடி செய்த வேலை.
நான் சொல்லவில்லை. அவர்கள் குடும்பத்தில் மூன்று பேர்
அந்தப் பெருமைக்காகவே இடக்கையால் எழுதுகிறார்களாம்.

கோயில் விதானத்தில் மல்லாந்து படுத்துச்
சாமிகளை எழுதிய கை.
ஒரு சாமிக்கும் ஒரு வடு வைக்காத கை.
பட்டாளத்தோடு வந்த வெள்ளைக்காரன் எவனோ
விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்,
காயவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஐப்பசி,
இரவல் கண்ணாடி.
காவியும் ஈய வெள்ளையும் குழைத்து முகத்தை முடித்தவர்
ஈரம் இருக்கும்போதே
தூரிகையைத் திருப்பிப் பிடித்தார்.
காம்பு முனையால் குத்தினார்.
ஒவ்வொரு அம்மை வடுவுக்கும் ஒரு குத்து.

இது எனக்குத் தெரிந்தது பதினோராம் நாள்.
அதுவரை கன்னம் வழுவழுவென்றுதான் இருந்தது.
முப்பதுகளில் ஏதோ கல்யாணத்துக்குக் கூடத்தில் மாட்ட
சினிமா பேனர் எழுதுகிற ஒருவரைக் கூப்பிட்டு
மக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள்,
குழிக்குக் குழி. மேலே ரோஸ்.

ஊசியால் நெம்புகிறேன்.
இடது கன்னம் பத்தொன்பது.
வலது நிழலில்; ஏழுக்குமேல் அவரும் எண்ணவில்லை.
மூக்கு நுனியில் ஒன்று, தனியாக.
முத்து இறங்கிவிட்டது என்று
வேப்பிலைத் தண்ணீர் ஊற்றுவது ஊர் வழக்கம்.
நான் இங்கே ஒவ்வொன்றாக
ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் பாஸ்போர்ட் படம் எடுத்த கோரிப்பாளையத்துப் பையன்
கேட்காமலே என் மேலுதட்டுத் தையலை அழித்துவிட்டான்.
"அக்கா, ஃப்ரீதான்" என்றான்.
அலுவலகத்தில் படத்தையும் என்னையும்
நாலு தடவை பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

வலக்கண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
அழகான கண். பேனர்க்காரர் கை தேர்ந்தவர்.
கதாநாயகனுக்கு வைக்கிற ஒளிப்புள்ளியை
இவருக்கும் வைத்திருந்தார்.
அதுதான் உறுத்தியது.
வெளிச்சமெல்லாம் இடப்பக்கம் விழ
இது மட்டும் வலப்பக்கம் மின்னியது.
பஞ்சு. எச்சில். வேறு பஞ்சு.
கறுப்பு கரைந்து வந்தது.
அடியில்
பூ விழுந்த கண்.

மீசையில், தலைப்பாகையில், காதுக் கடுக்கனில்கூட
அவசரப்பட்ட கை
இங்கே மட்டும் உட்கார்ந்திருக்கிறது.
வெள்ளைக்குள் சாம்பல், சாம்பலுக்குள் சிட்டிகை நீலம்,
ஒற்றை மயிர்த் தூரிகை.
பார்க்காத கண்ணைப்
பார்க்கிற கண்
எத்தனை நாள் பார்த்ததோ.

சனிக்கிழமை விசயரங்கன் வந்தார்.
யாரும் கழற்றாத இடத்தில் செருப்பைக் கழற்றினார்.
வெகுநேரம் நின்றார்.
கீழே ஏதோ டயருக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது.
"அடுத்த மாசம் பொண்ணு பாக்க வர்றாங்கம்மா" என்றார்.
"கூடத்துல மாட்டணும்."
அப்புறம், படத்தைப் பார்க்காமல்,
"திரும்ப மூட எவ்வளவு ஆகும்?"

தொகை சொன்னேன்.
அவர் பைக்கை விற்றாலும்
எட்டாத தொகை.